கேட்டு வாங்காத கட்டில்

ஜெராக்ஸ் அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் எழுத்தைப் பார்க்காமல் வாங்குவார், கண்ணாடிமேல் கவிழ்ப்பார், மூடியைச் சாத்துவார். நகல் வந்து தட்டில் விழும்போது பார்வை தெருவுக்குப் போயிருக்கும். விவாகரத்து நோட்டீஸ், ஸ்கேன் ரிப்போர்ட், வேலை போன கடிதம், ஃபெயிலான மார்க் ஷீட் என்று சுற்றுவட்டாரத்தின் நல்லது கெட்டது எல்லாம் முப்பது வருஷத்துக்கு மேலாக அவர் கை வழியாகத்தான் போகிறது. கண் வழியாக ஒன்றும் போவதில்லை.

"நேரா விழுந்திருக்கான்னு எப்படிக்கா தெரியும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஓரத்தப் பாத்தா போதும். எழுத்தப் பாத்தா நம்ம மூஞ்சியில தெரிஞ்சிடும். அப்புறம் அவங்க அடுத்த தெருக் கடைக்குப் போயிடுவாங்க."

எனக்குத் தெரிந்து ஒரே ஒரு காகிதத்தைத்தான் அவர் படித்திருக்கிறார். அது என்னுடைய பட்டச் சான்றிதழ். எங்கள் வீட்டில் அதுவரை காகிதம் என்றால் பெருவிரல் வைக்கிற காகிதம்தான். முதன்முதலாகப் பேர் அச்சடித்த காகிதம் ஒன்று வந்திருக்கிறது. அதைக் கவிழ்த்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நிமிர்த்திக் கொடுத்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். "படிக்கணுமா?" என்றார். தலையாட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மேலிருந்து கீழ்வரை, முத்திரை வரைக்கும் படித்தார். பத்து நகல் கேட்ட இடத்தில் பதினொன்று கொடுத்தார்.

"இது உங்க அம்மாவுக்கு."

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுக்கா."

"பாக்கத் தெரியும்ல? கொண்டு போய்க் குடு."

அக்காவே எட்டாவதோடு நின்றவர். பதினாறு வயதில் அந்தக் கடையைப் பெருக்க வந்தார். இயந்திரத்துக்குள் சிக்கிக்கொள்ளும் தாளைக் கிழியாமல் உருவி எடுக்க அவர் விரலால்தான் முடியும் என்று ஆனபோது பெருக்குமாறு வேறு கைக்குப் போனது. முதலாளி வயதாகி மகனோடு வெளிநாடு போகும்போது சாவியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைக்கு மேலே மாடியில் தம்பி, தம்பி மனைவியோடு குடித்தனம். தம்பி பெயிண்டர். ஊரே 'அக்கா' என்று கூப்பிடுவதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "பொறந்ததுக்கு எனக்குக் கிடைச்ச ஒரே உரிமை. அதையும் ஆளாளுக்கு எடுத்துக்கிட்டீங்க" என்பார்.

எங்கள் சேவைக் கிளப்புக்குள் அக்கா வந்தது தனிக்கதை. கிளப்பில் நாங்கள் முப்பத்தோரு பேர். வியாழக்கிழமை மாலை ஆறரைக்கு ஒரு மழலையர் பள்ளியின் வகுப்பறையில் கூடுவோம். சும்மா கிடைத்த இடம், அதனால் பெஞ்சைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. நாலு வயசுப் பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்சு. முழங்கால் மோவாயில் இடிக்க, ஒட்டகமும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்த சுவருக்குக் கீழே உட்கார்ந்து ரத்ததான முகாம், கண் பரிசோதனை என்று பேசுவோம். தலைவரான பல் டாக்டரம்மாவுக்கு மட்டும் டீச்சர் நாற்காலி. "ஆதரவா இருக்கிறவங்க கையத் தூக்குங்க" என்று அவர் சொன்னால், பாதிப் பேர் தன்னையறியாமல் ஒரு விரலைத் தூக்குவார்கள்.

அந்த வகுப்பறைக்கு வெள்ளையடித்த ஒரு வாரம், கிளப்பின் இரண்டு சக்கர நாற்காலிகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் வைத்தார்கள். ரெண்டே நாள் என்றுதான் பேச்சு. அது ஏழு வருஷத்துக்கு முன்னால். நாற்காலி தேவைப்பட்டவர்கள் கிளப்பைத் தேடாமல் நேரே கடைக்கு வந்தார்கள். அக்கா ஒரு நோட்டில் பேரெழுதிக் கொடுத்தனுப்பினார். பிறகு வாக்கர் வந்தது, ஊன்றுகோல் வந்தது, காற்றடைத்த மெத்தை வந்தது. கிளப்பில் இல்லாத ஒருவர் கிளப்பின் சாமான்களைக் கொடுத்து வாங்குகிறார் என்பது வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று, அவசர அவசரமாக அக்காவை உறுப்பினர் ஆக்கினார்கள். நான் சேர்வதற்கு மூன்று வருஷத்துக்கு முந்திய கதை இது. சேர்ந்த மாதமே என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். பட்டதாரி, எழுத வரும் என்றார்கள்.

சாமான்களில் பெரியது அந்த ஆஸ்பத்திரிக் கட்டில். கால்மாட்டில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் தலைமாடு உயரும். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது வந்த நாளிலிருந்து ஒன்பது வீடுகளுக்குப் போயிருக்கிறது. வாக்கர் திரும்பி வந்தால் ஆள் நடக்கிறார் என்று அர்த்தம். கட்டில் திரும்பி வந்தால் அப்படியில்லை. எட்டு முறை திரும்பி வந்திருக்கிறது. எட்டு முறையும் அந்த வீட்டில் சாவு. அதனால் கிளப்பில் தானாகவே ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. அக்கா டாக்டரம்மாவுக்கு போன் பண்ணி, "கட்டில் வந்திருச்சு" என்பார். வேறு ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒரு மணி நேரத்தில் நாங்கள் ஐந்தாறு பேர் மலர் வளையத்தோடு அந்த வீட்டு வாசலில் நிற்போம். வளையத்தின் ரிப்பனில் எழுதுவது என் வேலை.

கட்டில் விஷயத்தில் அக்கா வைத்திருந்த சட்டம் ஒன்றுதான்: கொடுத்த கட்டிலைத் திருப்பிக் கேட்கக் கூடாது.

அந்தச் சட்டத்துக்குச் சோதனை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சன்ஷேடுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த அக்காவின் தம்பி பெயிண்டர் ஏணியோடு சரிந்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது, விலாவில் இரண்டு விரிசல். தகடு வைத்துத் தைத்துவிட்டு டாக்டர் சொன்னார்: சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம்; ஆனால் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும்; தலைமாடு உயர்கிற கட்டில் இருந்தால்தான் அனுப்புவேன்; தரையில் படுக்கவைத்தால் என்னிடம் திரும்பி வரவேண்டாம்.

வியாழக்கிழமை கூட்டத்தில் வேறு எதுவும் பேசவில்லை. டாக்டரம்மா தனக்குத் தெரிந்த நர்சிங் ஹோம்களில் எல்லாம் கேட்டுவிட்டார். உபரிக் கட்டில் எங்கும் இல்லை. வாடகைக்கு விடுகிற இடத்தில் மூன்று வாரம் கழித்து வரச்சொன்னார்கள்.

கிளப்பின் கட்டில் அப்போது கணக்கு வாத்தியார் வீட்டில் இருந்தது. ரிட்டயர் ஆன வாத்தியார். அவர் மனைவிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அதே பதினான்கு மாதமாகக் கட்டிலும் அங்கேதான்.

"மூணு மாசம்னு ஃபார்ம்லயே போட்டிருக்கே அக்கா" என்று ஆரம்பித்தார் பாலிசி. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். கிளப்பின் உபதலைவர். நல்ல மனுஷன். ஆனால் அவர் வாயிலிருந்து "உடம்பு எப்படி இருக்கு?" என்று வந்தால் போதும், எதிரே இருப்பவர் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொள்வார்.

"ஃபார்ம ஜெராக்ஸ் எடுத்ததே நான்தான். எனக்குத் தெரியும்" என்றார் அக்கா.

"அப்ப ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கிறதுல என்ன தப்பு?"

"வாக்கர கேக்கலாம். 'நடக்க ஆரம்பிச்சிட்டீங்களா?'ன்னு கேக்கிற மாதிரி. கட்டில எப்படிக் கேப்பீங்க? 'இன்னுமா இருக்காங்க?'ன்னு கேக்கணும். கேளுங்களேன் பாப்போம்."



"உன் கூடப்பொறந்தவனுக்கும்மா" என்றார் டாக்டரம்மா மெதுவாக.

"அதனாலதான் டாக்டர் கேக்க முடியல. வேற யாருக்காவதுன்னா கூட ஏதாவது யோசிச்சிருப்பேனோ என்னவோ."

அந்தச் சின்ன பெஞ்சில் அக்கா கால்களை ஒருபக்கமாக மடக்கி உட்கார்ந்திருந்தார். பேசும்போது குரல் உறுதியாகத்தான் இருந்தது. கைதான் கைக்குட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள். தம்பியை எதில் படுக்கவைப்பார் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. மாதம் ஒருமுறை வாத்தியார் வீட்டுக்குப் போய்க் கட்டிலின் கைப்பிடிக்கு எண்ணெய் விட்டுவிட்டு வருவது அவர் வழக்கம். அந்த மாதம் அதற்கும் போகவில்லை. போனால் கேட்பது போல இருக்குமாம்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு டாக்டரம்மா எனக்கு போன் பண்ணினார். "தம்பி, கட்டில் வந்திடுச்சாம்."



கடைக்கு ஓடினேன். வாசலில் குட்டியானை லோடு வண்டி நின்றது. டிரைவரும் வெல்டிங்கும் கட்டிலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வெல்டிங் என்றால் எங்கள் கிளப்பில் பட்டறை வைத்திருக்கிற ஆள்; கூட்டத்தில் வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுவார். மெத்தையைத் துடைத்து, விரிப்பைத் துவைத்து மடித்து மேலே வைத்து அனுப்பியிருந்தார் வாத்தியார். மடிப்பு ஒவ்வொன்றும் அளந்து வைத்தது போல இருந்தது.

"என்னப்பா சொன்னாரு சார்?" என்று அக்கா டிரைவரைக் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலக்கா. கட்டில் வாசலுக்கே வந்திருந்துச்சு, நான் உள்ள போகல. 'பத்திரமா கொண்டு போ'ன்னாரு. கண்ணு ஒரு மாதிரி இருந்துச்சு. நானும் கேட்டுக்கல."

அக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பிக்குக் கட்டில் கிடைத்துவிட்டது என்ற நினைப்பு அவருக்கு வந்திருக்கும். வந்த மாத்திரத்தில் அதற்காக வெட்கமும் வந்திருக்கும். இரண்டும் முகத்தில் தெரிந்தன. ஓரத்தை மட்டும் பார்க்கிற வித்தை எனக்கு இன்னும் கைவரவில்லை.

"தம்பிய மத்தியானம் மூணு மணிக்குத்தான் விடுவாங்க. மொதல்ல அங்க போயிட்டு வந்திடுவோம்" என்றார்.

நாங்கள் ஐந்து பேர் பாலிசியின் காரில் போனோம். வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் ரிப்பனில் எழுதினேன். பாலிசிக்கு வழி முழுக்க நெற்றி வேர்த்துக்கொண்டே இருந்தது. இரண்டு சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்காமல் நின்றார், பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

வாத்தியார் வீட்டு வாசலில் கூட்டம் இல்லை. செருப்புகூட இரண்டே ஜோடி. "சொந்தக்காரங்க இன்னும் வரல போல" என்று டாக்டரம்மா கிசுகிசுத்தார். கதவு திறந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டு வரிசையாக உள்ளே போனோம். முதலில் டாக்டரம்மா, அடுத்து வளையத்தோடு பாலிசி, பின்னால் அக்காவும் வெல்டிங்கும் நானும்.

கூடத்தில் தாழ்வான மரக்கட்டிலில் அந்த அம்மா மல்லாந்து படுத்திருந்தார். கண் திறந்திருந்தது.

"யாரு அது?" என்றார்.

பாலிசியின் கையிலிருந்து வளையம் நழுவியது. உருண்டு போய்ச் சுவரில் மோதிச் சாய்ந்து நின்றது, ரிப்பன் நன்றாகத் தெரியும்படி.

அடுக்களையிலிருந்து வாத்தியார் ஓடிவந்தார். கையில் பாத்திரம் துலக்கிய ஈரம். எங்களைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவருக்கு இந்தக் கூட்டல் உடனே பிடிபட்டுவிட்டது. அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ஏங்க, யாரு வந்திருக்கா? மல்லாக்கப் படுத்தா எனக்கு ஒண்ணும் தெரியலயே. பூ வாசனையா வருது."

"கிளப்லேர்ந்து வந்திருக்காங்க" என்றார் வாத்தியார்.

"கையில என்ன?"

பாலிசி நகர்ந்து வளையத்துக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"யாரு செத்தது?" என்று கேட்டார் அந்த அம்மா. அப்புறம் ஒரு நொடி நிறுத்தி, "நானா?" என்றார்.

பல் டாக்டரம்மா முப்பது வருஷத்தில் எத்தனை வாயைத் திறக்கவைத்திருப்பார். அன்றைக்கு அவர் வாய் திறந்தது, மூடியது. சத்தம் மட்டும் வரவில்லை.

சிரிப்புதான் முதலில் வந்தது, கட்டிலிலிருந்து. இடுப்புக்குக் கீழே அசைவில்லாத உடம்பு. மேலே மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "கொண்டா இங்க. ரிப்பன்ல என்ன எழுதியிருக்கு? படிங்க யாராச்சும்."

எழுதியவன் நான் என்பதால் நான்தான் படிக்க வேண்டியிருந்தது. "ஆழ்ந்த இரங்கலுடன்..."

"சத்தமா படிப்பா."

"ஆழ்ந்த இரங்கலுடன், சேவைக் கிளப் நண்பர்கள்."

"கையெழுத்து எப்படி?" என்று வாத்தியாரைக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் வாத்தியார். அவர் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அது அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"ஜன்னல்ல மாட்டுங்க. எனக்குன்னு வாங்கினது. திருப்பி எடுத்துட்டுப் போயிடாதீங்க."

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வாத்தியாருக்கு எதிரே போய் நின்றார். "யாரு சார் கட்டில அனுப்பச் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. நானாத்தான் அனுப்பினேன். உன் தம்பிக்கு அடிபட்டிருக்குன்னு..."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாத்தியார் தரையைப் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர்.

"நான்தான் அக்கா" என்றார் பாலிசி. "நேத்து சாயந்திரம் போன் போட்டேன். கட்டில கேக்கவே இல்ல. சத்தியமா கேக்கல. 'அம்மா உடம்பு எப்படி இருக்கு?'ன்னு விசாரிச்சேன். 'எங்கயாவது கட்டில் இருந்தா சொல்லுங்க, அக்கா தம்பிக்குத் தேவைப்படுது'ன்னேன். அவ்வளவுதான்."

"நீங்க உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டா வேற என்ன அர்த்தம்?" என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பாலிசிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். காலையில் கட்டில் வந்த சேதி கேட்டதிலிருந்து, தான் போன் போட்டதாலேயே அந்த அம்மா உயிர் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டிவந்தவர் அவர். இப்போது உயிரோடு பார்த்ததில் அழவும் ஆரம்பித்திருந்தார்.

"அவர ஒண்ணும் சொல்லாத" என்றது கட்டில் பக்கத்துக் குரல். "நான்தான் இவர அனுப்பச் சொன்னேன். பதினாலு மாசம் அனுபவிச்சாச்சு. இடுப்பொடிஞ்ச புள்ள எங்க படுப்பான்?"

அக்கா அந்தத் தாழ்ந்த கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அந்த அம்மாவின் தலை மட்டத்துக்குத் தன் தலையைக் கொண்டுவந்து, அவர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தையே நிமிர்ந்து பார்த்தார். மின்விசிறி. அதற்கு மேலே சுண்ணாம்பு உரிந்த இடம். வேறு ஒன்றும் இல்லை. கட்டில் உயர்ந்திருந்தால் ஜன்னல் வழியாகத் தெரு தெரியும். பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகளை அவர் எண்ணுவார் என்று வாத்தியார் எப்போதோ சொல்லியிருக்கிறார்.

"காலையிலேர்ந்து இதத்தான் பாத்துட்டிருக்கீங்களா?"

"ஆமா. அந்தச் சுண்ணாம்பு உரிஞ்சது வாத்து மாதிரி இருக்கு பாரு. எட்டு மணிக்குக் குதிரையா இருந்துச்சு."

"கட்டில் ஒரு மணி நேரத்துல இங்க வந்திடும்" என்று எழுந்தார் அக்கா.

"நான் வேணாம்ங்கிறேன்."

"நானும் வேணாம்ங்கிறேன்."

"உன் தம்பிய என்ன பண்ணுவ?"

"அவன் ஏணியிலேர்ந்து விழுந்தவன். அவனுக்கு என்ன ராஜ மரியாதை?"

"வாயில சொல்லிடுவ. மூச்சு முட்டினா நீதான உக்காந்து அழுவ?"

இரண்டு பேரும் ஒரு கட்டிலை மாற்றி மாற்றி ஒருவர் தலையில் ஒருவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு எந்தப் பக்கம் பேசுவதென்று தெரியவில்லை. அக்கா வாசல்வரை வந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மணி பதினொன்று. இன்னும் நாலு மணி நேரத்தில் தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். முதல்முறையாக அவர் முகத்தில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது.

அப்போதுதான் வெல்டிங் பேசினார். இவ்வளவு நேரமும் அவர் அந்த மரக்கட்டிலுக்குக் கீழே குனிந்து எதையோ ஜாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

"அக்கா, உங்க வீட்டுல இருக்கிறது இரும்புக் கட்டிலா, மரமா?"

"இரும்பு. எதுக்கு?"

"பழசா?"

"எங்க அப்பா காலத்துது."

"அப்ப நல்ல இரும்பு. வாங்க" என்றார். அந்த வருஷத்துக்கான கோட்டாவை அதோடு முடித்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்குக் கட்டில் மறுபடி குட்டியானையில் ஏறி வாத்தியார் வீட்டுக்குப் போனது. பாலிசியே தலைமாட்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். அதே நேரத்தில் அக்காவின் மாடியிலிருந்து இன்னொரு கட்டில் இறங்கிப் பட்டறைக்குப் போனது. வெல்டிங் அதை மூன்றில் ஒரு பங்கு இடத்தில் குறுக்கே அறுத்தார். அறுத்த இடத்தில் கேட்டுக்குப் போடுகிற பெரிய கீல் நாலு வைத்துப் பற்றவைத்தார். தலைமாடு இப்போது மூடி மாதிரித் தூக்கினால் எழும்பியது. ஆனால் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும்.

வெல்டிங் கையைத் துடைத்துக்கொண்டு நேரே பாலிசியின் காருக்குப் போய் டிக்கியைத் திறந்தார். ஜாக்கியை எடுத்துக்கொண்டு வந்தார். பாலிசி எதுவும் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையிலும் இல்லை.

தலைமாட்டுக்குக் கீழே குறுக்குக் கம்பி வைத்து, அதில் ஜாக்கியைப் பொருத்தி, கைப்பிடியைச் சுற்றினால் கட்டில் நாற்பது டிகிரிக்கு எழுந்து நின்றது. இறக்கினால் இறங்கியது.

"யாராச்சும் படுத்துப் பாக்கணும்" என்று ஜாடை காட்டினார் வெல்டிங். அறுத்து ஒட்டிய கட்டில். கீழே கார் ஜாக்கி. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டாக்டரம்மா செருப்பைக் கழற்றினார்.

"எத்தன பேர நான் நாற்காலியில ஏத்தி இறக்கியிருப்பேன். இன்னிக்கு என்னை ஏத்துங்க" என்று படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெல்டிங் சுற்றினார். எங்கள் கிளப்பின் தலைவர் பட்டறைக்கு நடுவே, இரும்புத்தூளுக்கு மேலே, மெதுமெதுவாக உயர்ந்தார். "போதும் போதும்" என்று கத்தினார். கிளப் ஆரம்பித்ததிலிருந்து நடந்த எந்த விழாவிலும் நாங்கள் அவ்வளவு மனசாரக் கை தட்டியதில்லை.

அக்கா தட்டவில்லை. கீலில் இன்னும் சூடு ஆறாத இடத்தை ஊதிக்கொண்டிருந்தார்.

மூன்றரை மணிக்குப் பெயிண்டரை ஸ்ட்ரெச்சரோடு மாடிக்கு ஏற்றினோம். கட்டிலைப் பார்த்ததும் அவருக்கு வலியையும் மீறிக் கோபம் வந்தது.

"இது என்னக்கா? என்னைய லாரின்னு நெனச்சீங்களா?"

"மூடிட்டுப் படு. ஸ்டெப்னி மாத்தி முடிச்சதும் இறக்கி விடுறோம்."

அன்று சாயந்திரம் அவர் மூச்சு முட்டாமல் தூங்கினார். அக்கா கால்மாட்டில் உட்கார்ந்து அந்த மூச்சை எண்ணிக்கொண்டிருந்ததாகத் தம்பி மனைவி சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லாவிட்டால் அக்காவைப் பற்றிச் சொன்னதாகாது.

பெயிண்டருக்கு இரண்டரை மாதத்தில் எலும்பு கூடிவிட்டது. வாக்கரில் நடந்தார், பிறகு வாக்கர் இல்லாமல் நடந்தார், கீழே கடைக்கு வந்து அரட்டை அடித்தார். ஆனால் படுப்பது மட்டும் ஜாக்கி கட்டிலில்தான். சாய்ந்துகொண்டே டிவி பார்க்கிற சுகம் கண்டுவிட்டார். ஜாக்கியைத் தானே குனிந்து சுற்றிக்கொள்கிற அளவுக்கு இடுப்பு தேறிவிட்டது. இதற்குள் அந்தக் கட்டிலும் கிளப் நோட்டில் இரண்டாம் நம்பராக ஏறியிருந்தது, அக்காவே எழுதினார்.

ஒரு திங்கட்கிழமை மழலையர் பள்ளியின் ஆயாம்மா கடைக்கு வந்து நின்றார். அவர் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது, புதன்கிழமை அனுப்புகிறார்களாம், தலைமாடு உயர்கிற கட்டில் வேண்டுமாம். அக்கா நோட்டைத் திறந்து பேரெழுதிக்கொண்டார். "பாக்கலாம்மா, கவலப்படாதீங்க" என்றார்.

அன்று மாலை, வியாழக்கிழமைக் கூட்டத்துக்கான நோட்டீஸை நகலெடுக்க நான் போயிருந்தேன். மாடிப்படியில் நின்றுகொண்டு தம்பி மனைவி அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, ஒரு வார்த்தை கேட்டா குடுத்திடுவாரு. நல்லாத்தான் இருக்காரு. கல்லு மாதிரி இருக்காரு."

"நான் கேக்க மாட்டேன்."

"உங்க தம்பிதான?"

"தம்பின்னா? கட்டில்ல படுத்திருக்கான். கட்டில்ல படுத்திருக்கிறவங்ககிட்ட நான் கேக்கிறதில்ல."

"அப்ப நான் கேக்கிறேன்."

"நீயும் கேக்கக் கூடாது."

"புதன்கிழமை அந்தம்மாவுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?"

அக்கா என் நோட்டீஸை வாங்கிக் கவிழ்த்துப் போட்டு மூடியைச் சாத்தினார். வெளிச்சம் ஓடி முடிந்தது. பொத்தானை மறுபடி அழுத்தினார். முப்பத்தோரு பேருக்கு முப்பத்தெட்டு நகல் வந்தது. அவர் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடியில் டிவி சத்தம் நின்றது.  பிறகு கிறீச் கிறீச் என்று ஒரு சத்தம், நிதானமாக. ஜாக்கி இறங்குகிற சத்தம்.

"ஏய், யாராச்சும் வெல்டிங்க வரச்சொல்லுங்க. தனியா இறக்க முடியாது" என்று மேலிருந்து குரல் வந்தது.

வெல்டிங் பத்து நிமிஷத்தில் வந்தார். கட்டில் படி திரும்புகிற இடத்தில் சிக்கியது. கால்மாட்டை வெல்டிங்கும் நானும் பிடித்திருந்தோம். தலைமாட்டைப் பிடித்திருந்தது பெயிண்டர். யார் சொல்லியும் கேட்கவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டுப் படியில் ஏறி ஓடிவந்த அக்கா, எங்களையெல்லாம் தள்ளிக்கொண்டு அவர் பக்கம் போக வழி தேடிக்கொண்டே கத்தினார்:

"டேய், இடுப்பு! இடுப்புடா! பாத்துடா!"